இருவர் செல்லும் செலவு

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பணி ஓய்வு பெற்றோர் தம் காலத்தை எங்ஙனம் கழித்தல் வேண்டும் என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் நாற்பதைக் கடந்தோமேயன்றி அறுபதைக் கண்டிலோம். எம்மினும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் முதுமையைப் பற்றி யாம் பேசப் புகுவது, நீந்தி அறியாதான் கரையில் நின்று ஆற்றின் ஆழம் கூறுவது போலும். ஆயினும், பள்ளியில் தமிழ் கற்பிப்போர்க்குப் பெரியோர் சொல்லியவற்றை எடுத்துச் சொல்லும் உரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமை பற்றியே ஈண்டு நிற்கின்றோம்.

பொதுப்படப் பேசின் பேச்சுக் காற்றிற் கலந்துவிடும். ஆகலின் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டு பேச விழைகின்றோம். நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பதாண்டுகட்கு மேல் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றார். அவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. அவர்க்கும் அவர்தம் மனைவியார்க்கும் மணமாகி முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. மக்கள் இருவரும் மணம் முடித்து வெளியூர்களில் வாழ்கின்றனர். ஒருநாள் மாலை இருவரும் எம் இல்லம் போந்து, "வாத்தியார் ஐயா, எங்கள் சிறிய காரில் கடற்கரை வழியே சில நாள் சுற்றி வரலாம் என்று எண்ணுகின்றோம். எந்த ஊர், எந்த வழி என்று நீங்கள் எழுதித் தர வேண்டும்" என்றனர். யாம் மகிழ்ந்து தாளும் எழுதுகோலும் எடுத்தோம். எழுதத் தொடங்குமுன் அவ்வம்மையார் ஒன்று சொன்னார்: "ஐயா, எந்த ஊராயிருந்தாலும் சரி. அங்கே போயும் நான்தான் அடுப்பு மூட்ட வேண்டுமென்றால், நான் வரவில்லை." கணவர் நகைத்தார். எமக்கு நகை வரவில்லை. அச்சொல்லே இன்றைய பேச்சிற்குக் கருவாயிற்று.

தமிழில் 'செலவு' என்னும் சொல் ஒன்று உண்டு. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் கை பணப்பையைத் தடவுகின்றது. சங்கச் சான்றோர் காலத்திலோ செல்லுதல் என்பதே அதன் பொருள். வழிப்போதலே செலவு. தலைவன் பொருள் தேடப் புறப்படுதலும், தலைவியின் வருத்தம் கண்டு போகாது நின்றுவிடுதலும் அகப்பாட்டுகளிற் பயின்று வரும். அங்ஙனம் நின்றுவிடுதலைச் 'செலவழுங்குதல்' என்பர். கைப்பொருள் நம்மை விட்டுச் செல்லுதலும் செல்லுதலேயாகலின், அச்சொல் பின்னர்ப் பணத்தின் மேலும் சென்றது. நம்மவர் பலர் வாழ்க்கையில் நேர்ந்ததும் இதுவே. பணம் செல்லும் செலவை நாற்பதாண்டு கணக்கெழுதித் தாம் செல்லும் செலவை மறந்துவிட்டனர்.

இன்னும் ஒன்று காண்மின். அகப்பாட்டின் செலவு பெரும்பாலும் ஆடவன் செலவு. இருவர் கூடிச் செல்வது உடன்போக்கு, அஃது இளமைக்குரியது. மணமான பின்னர்த் தலைவன் செல்வான். தலைவி இல்லத்திருந்து சுவரிற் கோடிட்டு நாளெண்ணுவாள். தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒருபடி மேற்சென்று, கடல்வழிச் செலவு மகளிரோடு கூடி நிகழ்வதில்லை என்றும் வரைந்தார். ஆனால் அவரே கற்பியலின் இறுதிப் பகுதியில் வேறொன்றும் கூறியிருக்கின்றார். இன்ப நுகர்ச்சி நிறைந்து முடிந்த காலத்தில், மக்களும் சுற்றமும் சூழ, கிழவனும் கிழத்தியும் சிறந்தவற்றைப் பயிலுதலே கழிந்த இல்வாழ்க்கையின் பயன் என்பது அவர் கருத்து. ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது, கிழவன் என நிறுத்தாது கிழத்தியையும் உடன் கூறியமை. கிழவன், கிழத்தி என்பன இன்று முதியோரை இகழ்ந்து கூறும் சொற்களாகிவிட்டன. பண்டு அவற்றிற்கு உரிமையுடையான், உரிமையுடையாள் என்பதே பொருள். ஆகவே முதுமை என்பது இருவர்க்கும் உரிமை வாய்க்கும் பருவம் என்று கொள்ளல் இழுக்காகாது.

இனி, அவ்வுரிமை இருவர்க்கும் ஒப்ப வாய்க்கின்றதா என்று பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதத்தில் அது 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அரசாணை வந்தது, செய்தித்தாளில் வந்தது, நாம் தெருத் திண்ணையில் அமர்ந்து வாதிட்டோம். அவ்வூழியரின் மனைவியார்க்கு ஓய்வு வயது எது? எந்த அரசாணை அவரைச் சமையற்கட்டினின்று விடுவித்தது? கணவர்க்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பு விழா நடத்தும் அன்று காலையிலும், விழாவிற்கு வந்த உறவினர்க்கெல்லாம் சிற்றுண்டி ஆக்கியவர் அவர்தாம். அன்றியும், கணவர் அலுவலகம் சென்ற நாளில் பகற்பொழுதில் அவர்க்குச் சில நாழிகை தமக்கென இருந்தது. ஓய்வு பெற்றவர் வீட்டிலிருக்கத் தொடங்கிய பின், பதினொரு மணிக்கு ஒரு காபி, நண்பகலில் சுடுசோறு, நான்கு மணிக்கு மற்றொரு காபி என்று வேலை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. கணவர் ஓய்வு பெற, மனைவியார் மிகுதி நேரப் பணி பெற்றார். இது நகைச்சுவையன்று, அன்பர்களே! நம் வீடுகளிற் பெரும்பாலும் நடப்பது இதுவே. இங்குப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் முகத்தைப் பார்த்தால் எம் கூற்று மெய்யென்பது விளங்கும்.

பெண்களும் அலுவல் பார்க்கும் காலம் இது. ஆசிரியையராயும் செவிலியராயும் எழுத்தராயும் இருந்து ஓய்வு பெற்ற மகளிர் நம் சங்கத்திலும் உளர். அவர்கள் ஓய்வு பெற்றது ஒரு வேலையினின்றுதான். மற்றொன்று அவர்களை விடவில்லை.

பயணம் சென்றாலேனும் விடுமா எனின், நம் வழக்கமான தல யாத்திரையை நினைத்துப் பாருங்கள். வாடகை வண்டி ஒன்று பேசி, பின்புறத்தில் எரிவாயு உருளை, அடுப்பு, அரிசி, புளி, பெரிய பாத்திரங்கள் எல்லாம் ஏற்றிச் செல்கின்றோம். சத்திரத்தில் இறங்கியதும் ஆடவர் குளத்திற்குச் செல்வர். மகளிர் அரிசி களைவர். விடியுமுன் எழுந்து, வழிக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டுவர். கோயிலில் கூட்டம் நெருக்க, மூர்த்தியைக் கண்ணிமைக்கும் நேரம் கண்டு, 'அடுத்த ஊருக்கு நேரமாயிற்று' என்னும் குரல் கேட்டு ஓடிவந்து வண்டியில் ஏறுவர். இல்லத்துச் சமையற்கட்டிற்குச் சக்கரம் பூட்டிச் சாலையில் விட்டதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? அவ்வம்மையார் 'நான் வரவில்லை' என்றதில் வியப்பில்லை.

சிலப்பதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. புகாரினின்று விடியுமுன் புறப்பட்ட கண்ணகி, ஊரைக் கடந்து சிறிது தொலைவே நடந்த நிலையில், மதுரை எங்குளது என்று கணவனை வினவுகின்றாள். கோவலன் உள்ளம் நொந்து, முப்பது காதம்தான், அண்மையில் உள்ளது என்பது தோன்ற விடை கூறுகின்றான். மாணாக்கர்க்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் எம் மனம் ஓரிடத்தில் நிற்கும். செல்லும் ஊர் எத்துணைத் தொலைவு என்பது, நடக்கத் தொடங்கிய பின்னரே அவள் கேட்கும் வினாவாயிற்று. வழியை வகுத்தவன் ஒருவன். கால் நொந்தவள் மற்றொருத்தி. நம் குடும்பங்களில் நிகழும் செலவுகளும் பெரும்பாலும் அத்தகையனவே. ஆகலின், முதியோர் இருவர் பயணம் எண்ணுங்கால் முதற்கண் வேண்டுவது மோட்டார் வண்டியன்று, பணமன்று. இருவரும் ஒரு பாயில் அமர்ந்து வரைபடத்தை விரித்து, 'உனக்கு எங்கே போக வேண்டும்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டல்தான் முதல் வேலை. முப்பத்தாறு ஆண்டுகளில் அவ்வம்மையாரை அவ்வாறு கேட்டவர் எவருமில்லை. யாம் கேட்டபோது அவர் நெடுநேரம் எண்ணிப் பின், "தரங்கம்பாடியில் கடலோரம் ஒரு கோட்டை உண்டென்று மகளின் பாடப்புத்தகத்தில் படம் பார்த்தேன்" என்றார். கணவர்க்கு அது புதுச் செய்தி.

அவ்விருவரும் புறப்படப் போகின்றனர் என்று கேட்ட உறவினர் நான்கு தடைகளை எழுப்பினர். அந்நான்கும் நம் வீடுகள் யாவற்றிலும் எழுவனவாகலின் அவற்றிற்கு விடை கூறுதல் கடன்.

முதல் தடை பணம். 'இந்த வயதில் இந்தச் செலவு ஏன்?' என்றனர். ஈண்டுச் 'செலவு' என்றது பணத்தை. நம்மவர் அறுபது நிறைந்தால் மணிவிழாக் கொண்டாடுகின்றோம். திருக்கடையூர் சென்று சாந்தி செய்கின்றோம். திரும்பி வந்து மண்டபம் பிடித்து விருந்தும் வைக்கின்றோம். அவ்விருந்தின் ஒரு வேளைப் பந்திக்கு ஆகும் பொருள், இருவர் பல நாள் நாடு சுற்றப் போதியதாகும். யாம் எழுதிக் கொடுத்த வழி, போய் மீளும் தொலைவு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சிறிய கார் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினும் ஐம்பது லிட்டர் பெட்ரோல் வேண்டுவதில்லை. விழாவே வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. பந்தியில் பாதி குறையட்டும். அப்பாதியில் அவ்விருவரும் செல்லட்டும். கார் இல்லாதார்க்கும் குறையில்லை. அவ்வழியிலுள்ள ஊர்கள் அனைத்திற்கும் பேருந்து உண்டு. பெட்டி சிறிதாயிருந்தால் போதும்.

பொருள் பெரிதன்று, மனமே பெரிது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. கொச்சி நகரில் கடவந்திரா என்னும் பகுதியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்னும் சிறு தேநீர்க்கடை நடத்திவந்தவர் கே. ஆர். விஜயன். அவர்தம் மனைவியார் மோகனா. இருவரும் கடையில் ஒன்றாக உழைத்து, நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய் எடுத்து வைத்து, குறைந்ததற்குக் கடன் பெற்றுப் பயணம் செய்தனர். மீண்டு வந்து, அக்கடன் தீருமட்டும் உழைத்து, மீண்டும் புறப்பட்டனர். இங்ஙனம் அவர்கள் கண்ட நாடுகள் 26. 2021 அக்டோபரில் இருவரும் ருசிய நாடு சென்று திரும்பினர். அடுத்த மாதமே விஜயன் மறைந்தார். கடல் கடக்கும் செலவு மகளிரோடு இல்லை என்ற பழைய வரையறையை ஒரு தேநீர்க்கடை அம்மையார் வானூர்தியிற் கடந்தார். ஓய்வூதியம் இல்லாதவர் அவர்கள். ஓய்வூதியம் வாங்கும் நமக்குச் செஞ்சியும் சிதம்பரமும் எட்டாத தொலைவா?

இரண்டாம் தடை மக்கள் கடமை. 'பேரப்பிள்ளையை யார் பார்ப்பது? வீட்டின் மேல்தளம் கட்ட வேண்டாவா?' என்றனர். பேரப்பிள்ளையைப் பேணுதல் இன்பமே. ஆயினும் ஆண்டில் பத்து நாள் அப்பிள்ளையின் பெற்றோர் அதனைப் பேணுதல் முறையன்றோ? பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் வந்தவுடன் அனைத்தையும் மக்கள் கையிற் கொடுத்துவிட்டுப் பின் ஒரு பஞ்சு மிட்டாய்க்கும் மருமகளை நோக்கும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பேணுவார் என்னும் நிபந்தனையின்மேல் கொடுத்த சொத்தை, பேணாவிடின் திரும்பப் பெற அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கின்றது. இத்தகைய சட்டம் வேண்டியிருந்தது என்பதே நமக்கு ஒரு பாடம். கொடுக்குமுன் இருவர்க்கும் உரியதை எடுத்து வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுத்தால் அன்பும் நிலைக்கும், சட்டமும் வேண்டுவதில்லை.

மூன்றாம் தடை ஊர்ச்சொல். 'இந்த வயதில் தேனிலவா?' என்று ஒருவர் கேட்டாராம். இதற்கு விடை பெரிய புராணத்தில் உண்டு. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரும் அவர் மனைவியாரும், ஒரு சூளுரையால், ஒரே இல்லத்தில் ஒருவரை ஒருவர் தீண்டாது இளமை முழுதும் வாழ்ந்து முதுமை எய்தினர்; இறுதியில் ஒரு மூங்கிற் கோலின் இரு முனையைப் பற்றிக் குளத்தில் மூழ்கி இளமை பெற்று எழுந்தனர். அவர்கட்கிடையே நின்றது சூளுரை. நம்மவர்க்கிடையே நிற்பவை அலுவலகம், அடுப்பு, பிள்ளைகளின் தேர்வு, வீட்டுக்கடன். ஒரு கூரையின்கீழ் முப்பதாண்டு வாழ்ந்தும் ஒரு மணி நேரம் ஓய்ந்து உரையாடாத கணவன் மனைவியர் பலர். காரின் முன்னிருக்கையில் இருவரும் அருகருகே அமர்ந்து, வழியில் நுங்கு விற்பவரைக் கண்டு நிறுத்தி, பழங்கதை பேசிச் செல்வாராயின், இதில் ஊரார் நகைப்பதற்கு யாது உளது? நகைப்பவர் தாமும் சென்று வரட்டும்.

நான்காம் தடை உடல்நிலை. இஃதொன்றே மெய்யான தடை. ஆகலின் இதனை மறுக்காது, இதற்கேற்ப நடத்தல் வேண்டும். நீரிழிவுடையோர் உண்ணும் வேளை தவறலாகாது. கையில் கற்கண்டு இருத்தல் நன்று. இன்சுலின் மருந்தை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லலாகாது. நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்திருப்பின் காலிற் குருதி உறைதலும் நேரும். ஆகவே இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் இறங்கிச் சிறிது நடத்தல் வேண்டும். கண்புரை உடையார்க்கு எதிர்வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யுமாகலின் கதிர் மறைந்தபின் வண்டி ஓட்டலாகாது. புறப்படுமுன் கண்ணும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளல் நலம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தார்க்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டிற்கே புதுப்பித்துத் தரப்படுகின்றது; காலாவதி நாளைப் பார்த்துக்கொள்க. இடர் நேரின் 108, தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்களை இருவர் கைப்பேசியிலும் எழுதி வைத்தல் வேண்டும். ஓய்வூதியர் உயிரோடிருத்தலுக்குரிய சான்றினை மின்வழியே தரும் முறை 2014 முதல் உளதாகலின், அதன்பொருட்டுப் பயணத்தை நிறுத்த வேண்டுவதில்லை.

உடல்நிலை தடையென்றால், அது விரைந்து செல்வதற்கே காரணமாகும். நம்மூரில் பௌர்ணமிதோறும் தனியே மலைவலம் வரும் முதியவர் ஒருவரை யாம் அறிவோம். அவர்தம் மனைவியார் கன்னியாகுமரியில் கதிரவன் எழுதலைக் காண விரும்பியவர். 'மகள் திருமணம் முடியட்டும்' என்றார், முடிந்தது. 'வீடு கட்டி முடியட்டும்' என்றார், முடிந்தது. 'ஓய்வு பெறட்டும்' என்றார். அதற்குள் அவ்வம்மையார் போய்விட்டார். பின்னர் மகன் அவரைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றான். 'கதிரவனைப் பார்த்தீர்களா?' என்று யாம் வினவியதற்கு, 'அறையிலேயே இருந்துவிட்டேன்' என்றார். இதற்குமேல் இதனை விரித்துரைக்க எமக்கு மனமில்லை.

இனி, அவ்விருவர்க்கும் எழுதிக் கொடுத்த வழியைக் கூறுதும். பிறர்க்கும் பயன்படலாம். காலம்: தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக்கு மழையும் புயலும் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர்க்கு மேல் ஓட்டலாகாது.

முதல் நாள் கீழ்த்திசையில் செஞ்சி. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இராசகிரி உச்சி ஏற முழங்கால் இடந்தாராவிடின் வருந்த வேண்டா. கலியாண மகாலும் களஞ்சியமும் அடிவாரத்திலேயே உள்ளன. மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இதனை 2025 சூலையில் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அண்டையில் இருந்தும் இதனைப் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் கண்ட நம்மவர் எத்துணைப் பேர்! பின் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. அங்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாலை. அடுத்துக் கடலூர் கடந்து சிதம்பரம். அதன்பின் சீகாழி, பூம்புகார். கண்ணகி புறப்பட்ட ஊரில் நின்று, இருவரும் அவள் கேட்ட வினாவை ஒருமுறை நினைத்தல் வேண்டும். பின் திருக்கடையூர், அதனை அடுத்து அம்மையார் விரும்பிய தரங்கம்பாடி. 1620-இல் தேனியர் எடுப்பித்த கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. அங்கு இரண்டு நாள். இரண்டாம் நாளில் பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டா. சும்மா இருத்தலே அன்றைய வேலை. பின் நாகப்பட்டினம், வேதாரணியம். 1930 ஏப்ரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று நடந்து வந்த தொண்டர் உப்பெடுத்த இடம் அது. அங்கிருந்து மேற்றிசை திரும்பித் தஞ்சை. இராசராசன் 1010-இல் நிறைவித்த பெரிய கோயில். பின் திருச்சிராப்பள்ளி. அதன்பின் உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாக அண்ணாமலையின் தோற்றம் கண்ணிற்படும் வரை நெடுஞ்சாலை. இவ்விறுதி வழியொன்றே நீளமுடையதாகலின் உளுந்தூர்ப்பேட்டையில் ஓரிரவு தங்கி வருதல் நன்று.

இவ்வழிக்கு ஐந்து நெறிகளும் எழுதினோம். ஒன்று, அடுப்பு உடன் வரலாகாது. உணவு வழியிலுள்ள உணவகங்களில். இரண்டு, ஒருநாள் கணவர் விருப்பம், ஒருநாள் மனைவியார் விருப்பம். மூன்று, பணப்பை ஒன்றன்று, இரண்டு. மனைவியார் கையிலுள்ளதற்குக் கணக்குக் கேட்கலாகாது. நான்கு, பிள்ளைகட்கு நாளொன்றுக்கு ஒருமுறை பேசினாற் போதும். ஐந்து, நாட்குறிப்பு எழுதுதல் வேண்டும்.

ஐந்தாம் நெறிக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830 மே 18-இல் சென்னையினின்று பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3-இல் மீண்டார். வழிநெடுகத் தாம் கண்டவற்றைத் தெலுங்கில் எழுதினார். தங்குமிடம், நீர், கிடைக்கும் பண்டம், சாலையின் நிலை ஆகியவற்றை ஊர்தோறும் குறித்தமையால் பின்வருவோர்க்கு அஃதொரு கைவிளக்காயிற்று, 1838-இல் அச்சேறிற்று. அத்தகைய குறிப்பை நம் முதியோர் எழுதி இத்திங்களிதழ்க்கு அனுப்புவாராக. எந்த ஊரில் தங்குமிடம் தூயது, எங்கே படியேற வேண்டுவதில்லை என்பன போன்ற செய்திகளை எந்தப் பெரிய நூலிலும் காண முடியாது.

அன்பர்களே! நம்மூர் அறியாத செய்தியன்று, ஆயினும் நினைவூட்டுகின்றோம். தை இரண்டாம் நாள் இங்கே திருவூடல் நிகழ்கின்றது. அண்ணாமலையார்க்கும் உண்ணாமுலையம்மைக்கும் திருவூடல் தெருவில் ஊடல் எழுகின்றது. அம்மை தனியே கோயில் புகுந்து கதவடைக்கின்றார். ஐயன் தனியே மலைவலம் சென்று மீள, மறுவூடல் கண்டு இருவரும் கூடுகின்றனர். கார்த்திகைத் தீபத்திற்குப் பின்னரோ இருவரும் ஒன்றாகவே மலைவலம் எழுந்தருளுகின்றனர். அம்மை உடனிருக்கச் செல்லும் அச்செலவிலே ஊடலும் இல்லை, அடைத்த கதவும் இல்லை. தீபம் ஏற்றும் மாலையில் அர்த்தநாரீசுவரர் சில கணமே வெளிப்போந்து காட்சி தருவது காண்பதற்கு எத்துணைப் பேர் காத்துக் கிடக்கின்றோம்! பாதி அம்மைக்குரியது என்பதைக் கண்டு கைகுவித்துவிட்டு வீடு திரும்பி, பாதியை அன்று, கால் பங்கையும் கொடாதிருத்தல் என்ன வழிபாடு?

இறுதியாகச் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம். ஒன்று: தலங்களில் நம் மரபினர்க்குரிய சத்திரங்களில் தரைத்தளத்து அறைகள் இரண்டையேனும் முதியோர்க்கென ஒதுக்கி, அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் அமைத்தல் வேண்டும். முழங்கால் வலியால் பயணத்தைக் கைவிட்ட தாய்மார் பலர். அவ்வறைகளை நம்மவர்க்கே என்று பூட்டி வையாது, அவ்வழி வரும் எக்குலத்து முதியவர்க்கும் திறத்தல் நன்று. நம்மவரும் பிறர் ஊரில் பிறர் கூரையின்கீழ்த் தங்குபவரே. இரண்டு: தனியே எஞ்சிய முதியோரையும், மணமாகாது முதிர்ந்தோரையும், கைம்பெண்களையும் குழுவாய் அழைத்துச் செல்லும் பயணம் ஒன்றை ஆண்டுதோறும் சங்கமே நடத்துதல் வேண்டும். செலவு இருவர்க்கு மட்டும் உரியதன்று. மூன்று: ஓய்வு பெறுவோர்க்குச் சங்கம் விழா எடுக்கும்போது அவர்தம் மனைவியாரையோ கணவரையோ மேடையில் உடனிருத்தி மாலையிடுதல் வேண்டும். அன்றைய சிற்றுண்டியை அவர் ஆக்கலாகாது.

அவ்விருவரும் எதிர்வரும் தைத்திங்களில் புறப்பட நாள் குறித்திருக்கின்றனர். கணவர் இப்போது நாள்தோறும் காலையில் காபி போடப் பழகி வருகின்றார் என்று கேள்வி. முதல் வாரம் சர்க்கரை மிகுந்ததாம். அம்மையார் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம்.

நீவிரும் இன்றிரவு வீடு திரும்பியதும், உணவிற்குமுன், உங்கள் வாழ்க்கைத் துணையிடம் ஒரு வினாக் கேளுங்கள்: 'உனக்கு எங்கே போக வேண்டும்?' விடை வருமட்டும் பொறுத்திருங்கள்.